சக்கரம் வைத்த பை

அம்மா இன்னொரு பையையும் கடைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

கம்பம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உசேன் பாயின் பைக்கடை. உள்ளே வழுவழுவென்று டைல்ஸ் தரை. அதில் இழுத்துப் பார்த்தால் போதாதாம். குழாய் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடிவிட்டுப் போன ரோட்டில், ஜல்லி கிடக்கிற இடமாகப் பார்த்துத்தான் இழுப்பாள்.

கடகடவென்று சத்தம். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கு மானம் போனது.

"யக்கா, புள்ள திண்டுக்கல்லுக்கு நடந்தா போகுது?" என்று கத்திக்கொண்டே பாய் பின்னால் ஓடினார்.

அம்மா காதில் வாங்கவில்லை. குனிந்து, சக்கரத்தில் சிக்கிய ஜல்லியை விரலால் நோண்டி எடுத்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

இந்தக் கூத்து காலையிலிருந்து நடக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் திண்டுக்கல்லில் கன்னியர் மடத்தில் சேரப் போகிறேன். அதற்கு ஒரு பை வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மடத்துச் சிஸ்டர் போனிலேயே சொல்லிவிட்டார். அலமாரி சின்னது, துணிமணி அதிகம் வேண்டாம், தோளில் மாட்டுகிற பை ஒன்று போதும்.

கடைக்குள் நுழைந்ததுமே ஒரு சாம்பல் நிறப் பையை எடுத்தேன். தடித்த கேன்வாஸ், இரட்டைத் தையல், முரட்டு ஜிப். தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். பிடித்துப்போனது. காசைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.

"சக்கரம் இல்லையே," என்றாள் அம்மா.

அதோடு அந்தப் பையின் கதை முடிந்தது.

அப்புறம் பாய் பரணில் இருந்ததை எல்லாம் இறக்கினார். நாலு சக்கரம் வைத்தது பார்க்க ஷோக்காக இருந்தது. ஜல்லியில் நாலும் நாலு பக்கம் முரண்டு பிடித்தன. வேண்டாம். ரெண்டு சக்கரம் வைத்ததில் ஒன்றுக்குச் சக்கரம் சின்னது. வேண்டாம். இன்னொன்றுக்குக் கைப்பிடி குட்டை. என்னை நிற்கவைத்து என் இடுப்போடு அளந்து பார்த்துவிட்டு, அதுவும் வேண்டாம் என்றாள்.

துணி பிரித்து வைக்கிற குட்டி ஜிப் பைகளைப் பாய் ஆசையாக விரித்துக் காட்டினார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வாங்கிய அரிசி மூட்டையைத் தூக்கி ஒரு சூட்கேஸுக்குள் வைத்து மூடினாள். கனம் ஏற்றி இழுக்கணுமாம். அதைத்தான் இப்போது ரோட்டில் இழுத்துக்கொண்டிருந்தாள்.

கோம்பை நாய் கவ்வினால் விடாது என்பார்கள். அம்மாவை ஒருநாள் கடைக்குக் கூட்டிப்போனால் நாயைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பை தரையைத் தொடப்போவதே இல்லை. எங்கள் ஊரில் மடத்துக்குப் போகிற பெண் தன் பையைத் தூக்கக் கூடாது. தாய்மாமன்தான் தூக்க வேண்டும். பூசை முடிந்ததும் கோயில் வாசலிலிருந்து வேன் வரைக்கும் அவர் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பார், பின்னால் ஊரே வரும். கல்யாண வீட்டைவிடப் பெருமை. ஆண்டனி ராஜ் மாமா அதற்கென்றே புது வேட்டி எடுத்து வைத்திருக்கிறார். மடத்து வாசலில் இறக்கினால் உள்ளே எடுத்துப்போக அங்கே ஆள் நிற்கும்.

பெருமை அம்மாவுக்கும்தான். பங்குச் சாமியார் பூசையில், மடத்துக்குப் போகிறவள் என்று என் பெயரை வாசித்தபோது, எல்லாருக்கும் கேட்டதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தவள் அவள். அன்றைக்குத் தெரு முழுக்க முறுக்கு கொடுத்தாள். தேவ அழைத்தலில் எனக்கும் துளி சந்தேகம் கிடையாது.

அப்படியிருக்க ஒரு பைக்கு ஏன் இந்தப் பாடு?

பொறுமை போய்விட்டது. ரோட்டுக்கே போய் அவள் முன்னால் நின்றேன்.

"மடத்துல தரை பூரா மொசைக்கும்மா. இப்படி ஜல்லி அங்க எங்கன கெடக்கு?"

"அங்க இல்ல. நம்ம பஸ் ஸ்டாப்புல இருந்து வீடு வரைக்கும் கெடக்குல்ல?"

"அங்கன நான் ஏன் இழுக்கணும்? மாமாதான தூக்குவாக?"

அம்மா பாயை ஓரக்கண்ணால் பார்த்தாள். பாய் அலுத்துப்போய்க் கடைக்குள் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"போறப்ப தூக்குவாக. பிடிக்கலைன்னு நீ திரும்பி வந்தா ஒருத்தரும் கிட்ட வரமாட்டாக ஆத்தா. யாரு என்ன பேசுனாலும் நிக்காத. நீ பாட்டுக்கு இழுத்துக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துரு."

எனக்குக் கோபம் போகவில்லை. அதோடு அழுகையும் வந்துவிட்டது. நான் ஒன்றும் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அம்மா கைப்பிடியை என் பக்கம் நீட்டினாள்.

வாங்கி இழுத்தேன். அரிசி மூட்டையோடு பை என் பின்னாலேயே வந்தது.