எல்லம்மாவுக்கே வழி

"பேரு, நட்சத்திரம் சொல்லுக்கா. ஒரு அர்ச்சனை பண்ணிடறேன்" என்றார் பூசாரி முனிரத்தினம்.

"பேரு பெருமாள்சாமி. நட்சத்திரம் யாருக்குத் தெரியும்? அவரைப் பெத்தவளுக்கே தெரியாது" என்றாள் பாஞ்சாலி. அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

மர்பி டவுன் எல்லம்மா கோயிலில் மறுநாள் கரகம். தெருமுனைக் கம்பங்களில் எல்லாம் சீரியல் பல்பும் குழாய் ஸ்பீக்கரும் கட்டியாயிற்று. பாஞ்சாலியின் கண்ணில் அது எதுவும் படவில்லை. அவள் சோறு வடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே போன புருஷன், பொழுது சாயப் போகிறது, இன்னும் திரும்பவில்லை.

போன வருஷத்திலிருந்தே பெருமாள்சாமிக்கு நினைவு தப்பிக்கொண்டு வருகிறது. பெற்ற மகளைப் பார்த்தே "யாரும்மா நீ?" என்கிறார். சென்ற முறை காணாமல் போனபோது, தண்டவாளத்து ஓரத்திலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். ஒவ்வொரு தடவையும் புண்ணியவான் கிடைப்பானா?

"உமேஷுதான் மைக்ல சொன்னானேக்கா, பச்சைச் சட்டை, வெள்ளைத் தாடி, பார்த்தவங்க கோயிலுக்குக் கூட்டினு வாங்கன்னு. யாராச்சும் கூட்டினு வருவாங்க" என்றார் பூசாரி.

"அவன் சொல்லி எவ்ளோ நேரம் ஆச்சு? யாரு வந்தாங்க?"

ஸ்பீக்கர் செட் போட வந்த உமேஷ், பாட்டை நிறுத்தி அறிவிப்பைச் சொன்ன கையோடு, பைக்கை எடுத்துக்கொண்டு தானும் தேட ஓடிவிட்டான். மகள் ராதா போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். இனி பாஞ்சாலிக்கு மிச்சம் இருப்பது சாமி ஒன்றுதான்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சன்னதிப் படிக்குப் போனாள். அங்கே கிடந்த பூத்தட்டையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"நீ மந்திரம் எதுவும் சொல்லாதப்பா. எங்கூட்டு விஷயம், நானே பேசிக்கிறேன்."

வாசலில் தண்ணீர் டேங்கர் ஒன்று கோயில் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. அதன் மோட்டார் போட்ட கூச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழுந்தது. ஆத்தாவுக்கும் கேட்காமல் போய்விடுமோ என்று பாஞ்சாலி தொண்டை திறந்தே பேசினாள்.

"எம்மா எல்லம்மா! அவருக்கு ஞாபகத்தைத் திருப்பிக் குடுன்னு நான் கேக்கல. ஆளை அனுப்பு, அது போதும். வீட்டுல யாருமில்ல, நான் இங்கதான் உக்காந்திருக்கேன். இங்கயே கூட்டினு வா. உனக்கு ஆயிரம் வேலை, வழி மறந்திருப்ப. சொல்றேன் கேளு..."

"ஆத்தாவுக்கே அவ கோயிலுக்கு வழி சொல்றியாக்கா?"

"நீ சும்மா இரு!" என்று அதட்டிவிட்டு பாஞ்சாலி தொடர்ந்தாள். "மெயின் ரோடு பக்கம் அவரை விடாதம்மா. கார்க்காரனுங்க கண்ணுமண்ணு தெரியாம வருவானுங்க. கறிக்கடை வரும், அங்க சோறு திங்கிற கைப்பக்கம் திருப்பு. அப்புறம் நீல சுண்ணாம்பு அடிச்ச செவுரு, புத்தர் படம் போட்டிருக்கும். அதைத் தடவிக்கினே நேரா வந்தா உன் வாசல்தான். நான் கட்டிக்கினு வந்த புதுசுல, கன்னடமும் தெரியாம வழியும் தெரியாம முழிச்சப்ப, அவருதான் எனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தாரு. அதையே சொல்லிக் கூட்டினு வாம்மா."

பேசப் பேச, எதிரில் இருப்பது எல்லம்மா என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

"யோவ், எங்கய்யா நிக்கிற? பயப்படாத. சோறு ஆறிப் போச்சு. நான் இன்னும் தின்னல. வந்துடுய்யா!"

படியில் தலையைச் சாய்த்துக்கொண்டு விசும்பினாள். முனிரத்தினமும் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வாசல் பக்கம் நிழல் ஆடியது. பாஞ்சாலி நிமிர்ந்தாள். பச்சைச் சட்டை. வெள்ளைத் தாடி. ஒரு காலில் செருப்பு இல்லை. வலது உள்ளங்கை முழுக்க நீலச் சுண்ணாம்பு.

பாஞ்சாலி ஓடிப்போய் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கறிக்கடைல திரும்பினேன். சரிதானே?" என்றார் பெருமாள்சாமி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"சரிய்யா, சரி. யாரு வழி சொன்னாங்க உனக்கு?"

"நீதான் சொன்ன."

"நான் இங்க இருந்தேனேய்யா!"

"மேலருந்து சொன்னியே" என்று அவர் வானத்தைக் காட்டினார். "சோறு ஆறிப் போச்சுன்னியே."

முனிரத்தினத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியே சன்னதிப் படியில் விழுந்து கும்பிட்டார். வெளியே யாரோ கன்னடத்தில், "ஆய்த்து, ஆஃப் மாடு!" என்று மோட்டாரை அணைக்கச் சொல்லிக் கத்த, டேங்கர் மோட்டார் நின்றது. தெருவே சட்டென்று அமைதியானது.

"தாயே, அவ பேசினதைக் காது குடுத்துக் கேட்டுட்டியே!" என்று பூசாரி தழுதழுத்தார்.

அவர் சொன்னது ஒரு சொல் விடாமல், உமேஷ் அணைக்க மறந்து பூத்தட்டுக்குப் பக்கத்திலேயே விட்டுப்போயிருந்த மைக் வழியாக, கறிக்கடை முனைக் கம்பத்து ஸ்பீக்கரில் கணீரென்று ஒலித்தது.