தூக்கிய கையின் நீளம்

எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டுபோகும் ஹைட்ராலிக் ஹோஸ் துண்டுதுண்டாக வெடித்ததில், டிராக்டரின் முன்னால் மண் அள்ளும் லோடர் கை தரையில் விழுந்து கிடந்தது. ஏரிக்கரை உடைப்பை மாலைக்குள் அடைத்தாக வேண்டும். டிராக்டர் ஓட்டும் பூவாயி, புது ஹோஸுக்குக் கயிற்றால் அளவெடுத்துக்கொண்டு கடைக்கு விரைந்தாள்.

கடைக்காரர் அந்தோணி கயிற்றைப் பார்த்தார். "கை கீழ கெடக்கும்போது அளந்ததா? தூக்கினா ஹோஸ் பத்தாம பிச்சுக்கும்மா. தூக்கி வெச்சு அளந்துட்டு வாங்க."

"தூக்கத்தானேண்ணே ஹோஸே கேக்குறேன்?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கரையில் நின்றவர்களிடம் வந்து சொன்னாள். மூங்கில்கள் வந்தன. பதினோரு பேர் மூச்சுப்பிடித்து இரும்புக் கையைத் தலைக்கு மேல் தூக்கி முட்டுக்கொடுத்தார்கள். "சீக்கிரம் அளங்கக்கா, தோள் கழண்டுரும்" என்று ஒருவர் முனகினார். அவள் கயிற்றை வளைவுகளோடு ஓடவிட்டு முடிச்சிட்டாள். ஒரு முழம் கூடுதலாக வந்தது. அந்த அளவுக்கு, மறுபடி வெடிக்காதபடி இரட்டைக் கம்பி வலை போட்ட ஹோஸையே கேட்டு வாங்கி வந்து மாட்டினாள்.

வெயில் தாழும் நேரத்தில் லிவரை இழுத்தாள். கை நிறைய மண்ணோடு லோடர் மெல்ல எழுந்தது. கீழே நின்ற பதினோரு பேரும், தாங்களே தூக்குவதுபோல, வெறுங்கைகளை உயர்த்திக்கொண்டே போனார்கள்.