கடலுக்குள் ஒரு புள்ளி

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் தாவர மாதிரிக் கூடத்தில் ராகேலுக்கு வேலை. ஒவ்வொரு செடியும் பறிக்கப்பட்ட இடத்தைக் கணினி வரைபடத்தில் சரிபார்க்க வேண்டும். அவள் கணவன் ஷிபு அந்தக் கூடத்துக்குச் செடி சேகரித்தவன். வீட்டிலும் செடியைச் செய்தித்தாளில் மடித்து, பாரத்துக்கு அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிடுவான். தேங்காய் அரைக்கப் போகும் ராகேல் குழவியைக் காணாமல் சண்டை பிடிப்பாள். போன மழைக்காலத்தில் தேங்காய்ப்பட்டணம் பாறையில் வழுக்கிக் கடலில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை.

அவன் கடைசியாகச் சேர்த்த அடப்பங்கொடியின் புள்ளி வரைபடத்தில் கடலுக்குள் கிடந்தது. மணலில் படரும் கொடி கடலில் முளைக்காது என்று ராகேல் அதைக் கரைக்கு நகர்த்தினாள். மறுநாள் அது, அவள் தினமும் பஸ் ஏறும் புதுக்கடை சந்திப்பில் நின்றது. திரும்பக் கரையில் கொண்டுபோய் வைத்தாள். அதற்கடுத்த நாள் அவள் வீட்டின்மேலேயே நின்றது.

"அனிலே, நீ மாத்தினியா?"

"நான் தொடவே இல்லக்கா," என்றான் பக்கத்து மேசை அனில்குமார். "சரியான எடத்துல வச்சுப் பூட்டிப் போடுங்க. பின்ன அனங்காது."

ராகேல் வீட்டின்மேல் நின்ற புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு புள்ளியை நகர்த்தாமல், 'சரி' என்று குறித்துப் பூட்டினாள்.

மாலையில் புதுக்கடையில் பஸ்ஸை விட்டிறங்கி, வீட்டுப் பூட்டைத் திறந்தாள். அம்மிமேல் குழவி இல்லை. அது சாப்பாட்டு மேசையில், மடித்த செய்தித்தாளின்மேல் இருந்தது. அன்றைய தாள். ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

அன்றைக்கு ராகேல் தேங்காய் அரைக்காமலே குழம்பு வைத்தாள்.