திருப்பிக்கொண்ட முகம்

இன்றைக்கும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டானோ, இந்த வீட்டு வாசற்படியை மிதிப்பது இதுவே கடைசி.

அண்ணி இந்தச் சபதத்தோடுதான் கொழுந்தன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறாள். அவள் வாயைத் திறந்தால் போதும், அவன் கழுத்து தானாகச் சன்னல் பக்கம் போய்விடும். அவள் கணவர் உட்பட அண்ணன்கள் எல்லாரும் பட்டம் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கடைக்குட்டி இவன் மட்டும் பாதியில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மரப்பட்டறையில் இழைப்புளி தள்ளுகிறான்.

படிப்பு ஏறவில்லை, சரி. மரியாதையுமா ஏறாது?

"வாங்க அண்ணி!" தன் கையால் செய்த நாற்காலியை ஆசையாக இழுத்துப் போட்டான்.

"உபசாரமெல்லாம் அப்புறம். உன் பொண்ணை எங்ககூட அனுப்பு. நல்ல பள்ளிக்கூடமா நானே சேர்த்துவிடறேன். இங்கே இருந்தா அதுவும் உன்னை மாதிரி மக்காத்தான் வளரும்."

திரும்பிவிட்டது முகம். சன்னலுக்கு.

அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தரையில் அவன் மகள் மரத்துண்டுகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அவன் மெல்லக் குனிந்து, அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சுக்காற்றைவிடச் சன்னமாக, "திராட்சை..." என்றான்.

குழந்தை சட்டென்று திரும்பியது. அதன் வாயில் ஒரு உலர்ந்த திராட்சையைப் போட்டான். அப்பனும் மகளும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

"நான் உன் பிள்ளையோட எதிர்காலத்தைப் பேசிட்டிருக்கேன், நீ திராட்சை ஊட்டி விளையாடறியா? உனக்குச் சொல்றதும் ஒண்ணுதான், செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணுதான்!"

டீயோடு வந்த அவன் மனைவி நின்றுவிட்டாள். தட்டில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"ஊதினாலும் பாதிதான் கேட்கும் அக்கா."

"ஏய்!" என்றான் அவன்.

"சும்மா இருங்க. புள்ளையையே கேட்கறாங்க, இன்னும் என்ன மூடி மறைக்கறது? அக்கா, இவருக்கு இடது காது சுத்தமா கேட்காது."

அண்ணியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அது அபூர்வம்.

"எப்போலேருந்து?"

"சின்ன வயசுல சீழ் வடியுமாம். இவரோட பெரியண்ணன் தும்மினாலே மாமா டாக்டரை வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாராம். இவர் பொறந்தப்போ மாமாவே படுத்த படுக்கை. அத்தை அவரைப் பார்ப்பாங்களா, இவர் காதைப் பார்ப்பாங்களா? பஞ்சை அடைச்சு அனுப்பிட்டாங்க."

"யாருக்குமே தெரியாதா?"

அவன் சிரித்தான். "எனக்கே தெரியாது அண்ணி. சோத்துக்கை மாதிரி எல்லாருக்கும் சோத்துக்காதுன்னு ஒண்ணு இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். இவ பொறந்தப்போ ஆஸ்பத்திரியில காதைச் சோதிச்சாங்க. எனக்கும் பாருங்கன்னு விளையாட்டா நீட்டினேன். விளையாட்டு வினையாயிடுச்சு."

"அப்போ படிப்பு?"

"என்னைச் சுவரோரமா உட்காரவச்சிருந்தாங்க. கெட்ட காது வாத்தியாருக்கு, நல்ல காது சுவருக்கு. சுவர் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலை!"

அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. இரண்டையும் டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

"திராட்சை எதுக்கு?"

"போன மாசம் இவளுக்குக் காதுவலி," என்றாள் மனைவி. "இழைப்புளியைப் போட்டது போட்டபடி தூக்கிட்டு ஓடினார். சரியாயிடுச்சுன்னு டாக்டரே சொல்லியாச்சு. இவருக்கு மனசு ஆறலை. எந்நேரமும் பின்னாடி நின்னு திராட்சை, திராட்சைன்னுட்டு! புள்ளைக்குக் காது நல்லாத்தான் இருக்கு, பல்லுதான் போகப்போகுது."

"என்னை மாதிரி மக்கா வளரக் கூடாதில்லையா அண்ணி?"

குத்தலாகச் சொல்லவில்லை அவன். அதுதான் குத்தியது.

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? உங்க அண்ணன்கிட்ட, அத்தைகிட்ட..."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா, தன்னாலதான்னு உட்கார்ந்து அழும். போன காது அழுதா வருமா? நீங்களும் மூச்சு விட்டுடாதீங்க."

தரையில் குழந்தை தன் மரவீட்டுக்கு ஒரு கதவு தேடிக்கொண்டிருந்தது. அண்ணி குனிந்து, கட்டிலுக்கடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"பெரியம்மா, நான் உங்க வீட்டுக்கு வரணுமா?"

"லீவுக்கு வந்தாப் போதும். இங்கேயே படி. எவனாவது உன்னைச் சுவரோரமா உட்காரவச்சா மட்டும் எனக்குச் சொல்லியனுப்பு, அந்த வாத்தியாரை நான் பார்த்துக்கறேன்!"

அவன் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. மாமியார் உபதேசம் பண்ணும்போதும், அவள் கணவர் மணிக்கணக்கில் புத்தி சொல்லும்போதும், இவன் அசையாமல் நேருக்கு நேர் பார்த்து, நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவான். அவளிடம் மட்டும்தான் இந்தத் திருப்பல்.

"ஏண்டா, மத்தவங்க பேசினா நேராத்தானே பார்க்கறே? நான் பேசினா மட்டும் ஏன் முகத்தைத் திருப்பறே?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"அவங்க சொல்றது பாதி காதுல விழுந்தாப் போதும் அண்ணி. நீங்க ஒருத்தர்தான் என் மேல அக்கறையாத் திட்டுவீங்க. அதான், உங்களுக்கு மட்டும் நல்ல காதைக் குடுத்துடறேன்."