அடுப்பு நீட்டிய கிண்ணம்

ஆள் வாசலை மிதித்ததுமே உடம்பை அறிந்து, அவரவருக்கு ஒத்ததைச் சமைத்துவிடும் அடுப்பு வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலம். பஜ்ஜி, சொஜ்ஜி என்றால் அது பற்றவே பற்றாது. நல்ல கைமணம் உண்டு. ரகசியம் காக்கத்தான் தெரியாது.

மகள் வடிவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் கோமதிநாயகத்துக்கு அதுதான் கவலை. அவளுக்குச் சர்க்கரை இருப்பதை அவர் மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. அடுப்பு வெந்தயக் கஞ்சியை நீட்டினால் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

“இன்னைக்கு நீ விரதம், தெரிஞ்சுதா? அடுக்களப் பக்கமே வந்துராத,” என்று மகளிடம் சொன்னார். அடுப்பிடமும் அதையே சொன்னார். அது நம்பியதாகத் தெரியவில்லை.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கொள்ளு ரசம் வந்தது, அப்பாவுக்குக் கீரைக்கூட்டு. அடுத்து வந்தது வெந்தயக் கஞ்சி.

“அது... பக்கத்து வீட்டுக்கு உள்ளது,” என்று கோமதிநாயகம் உளறினார்.

மாப்பிள்ளை ஆவுடையப்பன் எழுந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டான். “இல்ல மாமா, எனக்குள்ளதுதான். அம்மாதான் வெளிய சொல்லாதேன்னா.”

அவன் அம்மா விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அடுப்பு இன்னொரு கிண்ணம் வெந்தயக் கஞ்சியை நீட்டியது. வடிவு உள்ளேயிருந்து வந்து அதைக் கையில் எடுத்தாள்.

“விரதம் முடிஞ்சிட்டுப்பா.”

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஒரே சட்டியில காய்ச்சிரலாம்,” என்றாள், முகூர்த்தம் குறிக்கிற குரலில்.