சிவப்பு முனை

"இது மூணாவது மெமோ. தெரியுமில்ல?" என்றார் சூப்பர்வைசர்.

"தெரியும் சார்," என்றார் உலைக்காரர். கழற்றிய கையுறைகள் இரண்டையும் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டின் மேலேயே போட்டார்.

கரியும் எண்ணெயுமாக இருந்தன. மரியாதை தெரியாத ஆள் என்று சூப்பர்வைசர் முகம் சுளித்தார். மேனேஜர் அம்மா எதிரே உட்கார்ந்திருந்ததால் எடுக்கச் சொல்லி அதட்டவில்லை.

மூன்றாவது மெமோ வந்தால் உலையை விட்டு, வெளியே லாரியில் சுமை இறக்கப் போக வேண்டியதுதான். பதினோரு வருடம் உலை முன்னால் வெந்த மனிதர். இடுப்பில் எப்போதும் பெல்ட். சுமை தூக்கினால் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார். அது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

மேசைமேல் நான்கு அச்சுத்தண்டுகள் கிடந்தன. நான்கிலும் மயிரிழையாக விரிசல்.

"இருபது தண்டைக் காய்ச்சித் தண்ணியில முக்கியிருக்கீங்க. அதுல நாலு வெடிச்சிருக்கு. ஏன்?" என்றார் மேனேஜர்.

சூப்பர்வைசருக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டார். தொழிற்சாலையில் அவருக்கு 'பாடப்புத்தகம்' என்று பட்டப்பெயர். அதைப் பாராட்டு என்றே இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

"சாதா ஸ்டீலுக்குத் தண்ணி, வேற உலோகம் கலந்த அலாய் ஸ்டீலுக்கு எண்ணெய். இதுதான் மேடம் முதல் பாடம். அலாய் பெரிய பலசாலி. கிரேன் கொக்கி, பல்சக்கரம் எல்லாம் அதுலதான் செய்யறோம். ஆனா ரோஷக்காரன். பழுக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டா, அந்த அதிர்ச்சியிலேயே வெடிச்சிடுவான். எண்ணெயில நிதானமா ஆறவிட்டு, மறுபடி அளவா சூடு காட்டணும். அப்புறம் யானையையே கட்டித் தொங்கவிடலாம்."

"சரி, இது அலாயா?"

"இல்லவே இல்ல. சாதா அடுக்கிலிருந்து எடுத்தது. சாதாவே வெடிச்சிருக்குன்னா உலைச்சூடு எகிறியிருக்கணும். இவர் மீட்டரைப் பார்க்காம எங்கயோ பராக்குப் பார்த்திருக்கார்."

"ஒருவேளை தண்டு வெட்டின ராடு மாறியிருந்தா?"

சூப்பர்வைசர் சிரித்தேவிட்டார்.

"வாய்ப்பே இல்ல மேடம். அலாய் ராடுக்கு ஒரு முனையில சிவப்பு பெயின்ட் இருக்கும். வெட்டும்போது அடுத்த முனையிலிருந்துதான் வெட்டணும். சிவப்பு முனை போயிட்டா மிச்ச ராடு என்ன ரகம்னு ஆண்டவனுக்கே தெரியாது. 'சிவப்பு முனையை வெட்டாதே'ன்னு சுவரெல்லாம் நானே என் கைப்பட எழுதி வச்சிருக்கேன்!"

மேனேஜர் உலைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

உலைக்காரரின் பார்வை மேசைமேல் கிடந்த கையுறைகளில் ஒரு கணம் நின்றது.

"சூடு கொஞ்சம் ஏறிப்போச்சு மேடம். என் கவனக்குறைவுதான்."

சூப்பர்வைசருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இன்னும் இரண்டு பாடம் கைவசம் வைத்திருந்தார்.

"எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்புங்க," என்று மேனேஜர் எழுந்து போனார்.

சூப்பர்வைசர் அழகான கையெழுத்தில் மெமோ எழுதினார். உலைக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையுறைகளை எடுத்துக்கொண்டார். ஃபேன் காற்றில் காகிதம் துடித்தது. பேப்பர் வெயிட்டை எடுக்கப் போன சூப்பர்வைசரின் கை அப்படியே நின்றது.

உள்ளங்கை அளவு எஃகு உருளை. போன மாதம், ராடு வெட்டும் ரம்ப மெஷின்காரரிடம் கேட்டு வாங்கியது. அதன் தலையில் பளிச்சென்று சிவப்பு பெயின்ட். அழகாக இருக்கிறதே என்று அந்த முனையைத்தான் வெட்டச் சொல்லியிருந்தார். மிச்ச ராடை எங்கே வைக்க என்று மெஷின்காரர் கேட்டதும், "அங்க போடுப்பா" என்று சாதா அடுக்கைக் கைகாட்டியதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குத் தன் மேசையே தெரியாமல் போயிருந்தது.

"உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"வெடிச்ச தண்டைச் சாணைக்கல்லுல வச்சுப் பார்த்தேன் சார். பறந்த பொறி சாதா ஸ்டீல் மாதிரி இல்ல, அலாய்ப் பொறி. மெஷின்காரரைக் கேட்டேன், சொன்னார். மிச்ச ராடை அலாய் அடுக்குலயே வச்சு சிவப்பு அடிச்சிட்டேன். இனிமே வெடிக்காது."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"மேடம் எதிர்ல எப்படி சார் சொல்றது? சுவரெல்லாம் உங்க கையெழுத்தா இருக்கு."

சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்தார். கையுறை எதற்காக அந்த இடத்தில் வந்து விழுந்தது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"முதல் ரெண்டு மெமோவும் நியாயமா என் தப்புதான் சார். இது ஒண்ணுதான் உங்களோடது. போகட்டும் விடுங்க," என்றபடி உலைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. சூப்பர்வைசர் அந்த மெமோவை நான்காகக் கிழித்தார். புதுத் தாள் எடுத்து நடந்ததை நடந்தபடி எழுதி, மேலே உலைக்காரர் பெயர் வர வேண்டிய இடத்தில் தன் பெயரைப் போட்டார். எழுத்து வழக்கம்போல் அழகாக வரவில்லை.

அந்தத் தாளும் காற்றில் பறக்கப் பார்த்தது. பேப்பர் வெயிட்டை அதன்மேல், சிவப்பு முனை நன்றாகத் தெரியும்படி நிறுத்தி வைத்துவிட்டு, மேனேஜரை அழைக்கப் போனை எடுத்தார்.