பின்னலும் அப்பாவின் லென்ஸும்

மருத்துவமனை ஜன்னல் வெளிச்சத்தில் அக்கா பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சிகிச்சைக்காக நாளை தலையை மழித்துவிடுவார்கள். இறந்துபோன அப்பாவின் ஜூம் லென்ஸைத் தம்பி ஓர் அடாப்டர் வளையத்தால் தன் டிஜிட்டல் கேமராவில் மாட்டியிருக்கிறான். வேறு கம்பெனி லென்ஸ் என்பதால், ‘லென்ஸ் இல்லை’ என்கிறது திரை. “அப்பா லென்ஸையே இல்லேங்குதா? திமிர் பிடிச்ச கேமராடா!” அக்கா சிரிக்கிறாள். ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். அக்காவின் கண்கள் தெளிவாகத் தெரியும்படி வைத்துவிட்டு, பின்னல் முழுதும் தெரிய ஜூமைக் குறைத்தால் எல்லாம் கலங்கிவிடுகிறது. “சீக்கிரம்டா, முடி நரைச்சிடப் போகுது.” அவன் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெல்ல மெல்ல நகர்த்துகிறான். சிரித்த முகம் துலங்குகிறது. இன்னும் கொஞ்சம் நகர்த்த, மடியில் பின்னல் நுனி துலங்குகிறது. அதை இறுகப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்துப்போயிருக்கின்றன. தம்பி வளையத்தைப் பின்னால் திருப்பி, முகத்தை மட்டும் தெளிவாக்கி, விரல்களைக் கலங்கவிட்டு, பட்டனை அழுத்துகிறான்.